நடுவில் நிற்கும் புரதம்

மார்ச் 4

அன்பு வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் மூக்கடைப்பு விட்டதா? அங்கே குளிர் குறைந்ததா?

முதலில் நான் அசிங்கப்பட்ட கதையைக் கேள். நேற்று நம் உதிரிபாகக் கடைக்கு ஒருவர் பிரேக் கேபிள் வாங்க வந்தார். பார்த்தால் படித்தவர் போலத் தெரிந்தது. அதாவது பில்லை வாங்கி முழுவதும் படித்தார். சும்மா இருக்குமா என் வாய்? "எம் பொண்ணு வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்றா சார்" என்று ஆரம்பித்தேன். "எதுல?" என்றார். போன கடிதத்தில் ஏதோ ஒரு மரபணுவை எடுத்துவிட்டாய், ஈஸ்டு செவிடாகிவிட்டது என்று எழுதியிருந்தாயே, அது மட்டும்தான் ஞாபகம் வந்தது. "ஈஸ்டுக்குக் காது கேக்காமப் போச்சுங்க, அதுக்கு வைத்தியம் பாக்குறா" என்றேன். அவர் கேபிளைப் பிடித்தபடி என்னையே பார்த்தார். "ரொட்டிக்குப் போடுற ஈஸ்டா?" "அதேதான் சார்." கடை முழுக்கச் சிரிப்பு. இன்று காலையிலிருந்து முதலாளி என்னை "டாக்டர்" என்றுதான் கூப்பிடுகிறார். "டாக்டர், அந்த கிளட்ச் பிளேட்ட எடுங்க."

அதனால் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி ஒரு தடவை விளக்கி எழுது. பத்தாம் வகுப்பில் அறிவியலில் நான் பாஸானதே வாத்தியாருக்கு இன்னும் ஆச்சரியம்.

அம்மா உன்னை மிகவும் விசாரித்தாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். போனில் பேசினால் நீங்கள் இருவரும் இரண்டாவது நிமிடமே மோதிக்கொள்கிறீர்கள். கடிதம் என்றால் கோபம் வந்தாலும் உறையை ஒட்டுவதற்குள் ஆறிவிடும். எனவே இதுவே நல்லது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா (டாக்டர்)


மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி? உங்கள் கடிதத்தைப் பக்கத்து மேஜைக்காரிக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவளும் இனிமேல் எங்களை ஈஸ்டு வைத்தியர்கள் என்றே சொல்லப்போகிறாளாம்.

விஷயம் இதுதான். ஈஸ்டில் இரண்டு வகை. ஒரு வகை வெளியே விடும் வாசனை மாதிரியான ஒரு பொருள் மற்ற வகைக்குச் சேதி: "நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், சேரலாம் வா." செல்லின் மேல்தோல் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சேதி உள்ளே நடுவீட்டுக்குப் போக வேண்டும். அதற்கு மூன்று நொதிகள் இருக்கின்றன. முதலாவது இரண்டாவதைத் தட்டி எழுப்பும், இரண்டாவது மூன்றாவதை. மூன்றாவது ஓடிப்போய் உள்ளே சொல்லும். சிக்கல் என்னவென்றால், மூன்று பேரும் ஒரு பெரிய சந்தைக்குள் ஆளுக்கொரு மூலையில் சுற்றுகிறவர்கள். அவர்களைப் பிடித்துப் பக்கம் பக்கமாக நிறுத்திவைக்க ஒரு புரதம் இருக்கிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவார்களே, அது போல என்பதால் சாரப் புரதம். அது தானாக எந்தச் சேதியையும் சொல்லாது. பிடித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். அந்த நொதிகளுக்கு வேறு இடத்திலும் வேலை உண்டு. சேதி வழி தவறி அங்கே போய்விடாமலும் சாரப் புரதம்தான் பார்த்துக்கொள்ளும். நான் அதை எடுத்துவிட்டேன். வாசலில் துணை வந்து நின்றாலும் செல்லுக்குத் தெரியவில்லை. அதுதான் நான் சொன்ன செவிடு.

அப்பா, அம்மா விசாரித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவா? எந்த வார்த்தையில் கேட்டாள்? கிளம்புகிற அன்று நான் சொன்னதை அவள் மறந்திருக்க மாட்டாள். "காலம் பூரா ஊசியில நூல் கோத்துட்டுக் கிடக்கணுமா, உன்ன மாதிரி?" அவள் தைத்துத்தான் நான் படித்தேன். அவளும் பதிலுக்குச் சும்மா இருக்கவில்லை. "போறவ போறவளாவே இரு, இந்தப் பக்கம் வராத" என்றாள். அதுவும் எனக்கு மறக்கவில்லை.

நான் நலமாக இருக்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் மகள்


ஏப்ரல் 9

அன்பு வாயாடிக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் அது முழங்காலோடு சரி.

உன் விளக்கத்தைக் கடையில் சத்தமாகப் படித்தேன். "வேலை எதுவும் செய்யாம நடுவுல நிக்கிறதா? அதுக்கு ஆராய்ச்சி எதுக்கு, நம்ம டாக்டரப் பாத்தாப் போதாதா?" என்றார் முதலாளி. எனக்குக் கோபமே வரவில்லை. சேதி வழி தவறாமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலையா? நம் வீட்டில் அந்தப் புரதம் யார் என்று உனக்கே தெரியும். நான் மட்டும் இல்லாவிட்டால் நீயும் உன் அம்மாவும் சந்தையின் இரண்டு மூலையில்தான்.

நீ வருத்தப்படுகிறாய் என்று அம்மாவிடம் சொன்னேன். ஊசி நூல் விஷயத்தையும் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்று பக்குவமாகச் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எம் பொண்ணுதானே, அவ மேல எனக்கென்ன கோபம்" என்றாள்.

எந்த வார்த்தையில் என்று கேட்பாய், எனக்குத் தெரியும். நீ ஆராய்ச்சிக்காரி. சரி, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வாயால் அவள் சொன்னது "ம்". ஆனால் இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்கு அந்த "ம்"முக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதா? நான் அதைக் கொஞ்சம் விரித்து எழுதினேன். கடையில் பெட்டியைப் பிரித்துக் காட்டுவது போலத்தான். உள்ளே இல்லாததை எடுத்துக் காட்ட முடியுமா?

வெளியே போகும்போது காதை மூடிக்கொள்.

அப்பா


மே 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். "ம்" படித்துச் சிரித்தேன். பிறகு வெகுநேரம் சிரிப்பு வரவில்லை.

இப்போது தலைகீழாகச் செய்துபார்க்கிறேன். சாரப் புரதத்தை எடுத்தால் செவிடு என்றால், அதைச் செல்லுக்குள் நிறைய உண்டாக்கினால் என்ன ஆகும்? காது இன்னும் கூர்மையாக வேண்டும். அப்படித்தான் பேராசிரியரும் எதிர்பார்க்கிறார். பார்க்கலாம்.

ஒரு முக்கியமான விஷயம். ஜூலையில் எனக்கு விடுப்பு எடுக்க முடியும். அம்மா ஒரு வார்த்தை, "வா" என்று சொன்னால் வருகிறேன். அவள்தான் வராதே என்றாள், அவள்தான் வா என்று சொல்ல வேண்டும். இது வீம்பு என்று எனக்கே தெரிகிறது. ஆனால் அழைக்காத வீட்டு வாசலில் பெட்டியோடு போய் நிற்க என்னால் முடியாது.

அவளிடம் கேளுங்கள். நான் இப்படிச் சொன்னேன் என்றே சொல்லுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதை அப்படியே எழுதுங்கள். கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், பெட்டியைப் பிரிக்காதீர்கள். "ம்" என்றால் "ம்" என்றே எழுதுங்கள்.

உங்கள் மகள்


மே 28

அன்பு வாயாடிக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். கடையில் சரக்குக் கணக்கெடுப்பு. ஒரு பெட்டி பேரிங் எங்கே போனது என்று எல்லோரும் தேடி, கடைசியில் நான் அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது தெரியவந்தது. முதலாளி வாயைத் திறந்தார், மூடினார், போய்விட்டார்.

அம்மாவுக்கு அடிவயிற்றில் கொஞ்ச நாளாக வலி. தையல் இயந்திரத்தில் குனிந்தே இருப்பதால் என்று நினைக்கிறேன். டாக்டரிடம் காட்டினோம் (நான் இல்லை, நிஜ டாக்டர்). ஏதோ படம் எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை.

நீ கேட்கச் சொன்னதை நேரம் பார்த்துக் கேட்கிறேன். வலியோடு இருக்கிறவளிடம் இந்தப் பேச்சை எடுத்தால் வேறு மாதிரி ஆகிவிடும். இதிலெல்லாம் எனக்குக் கொஞ்சம் கைப்பழக்கம் உண்டு, என்னிடம் விட்டுவிடு.

அந்தச் செவிட்டு ஈஸ்டுகளை நான் விசாரித்ததாகச் சொல்.

அப்பா


ஜூன் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்குப் படத்தில் என்ன வந்தது? உடனே எழுதுங்கள்.

என் சோதனை கவிழ்ந்துவிட்டது. சாரப் புரதம் கொஞ்சம் கூடியபோது சேதி பலமாகப் போனது. மேலும் கூட்டினேன், குறைய ஆரம்பித்தது. இன்னும் கூட்டினேன், செல் மறுபடி மந்தமாகிவிட்டது. நான்தான் எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்று பேராசிரியர் சொன்னார். திரும்பச் செய்தேன். அதேதான் வருகிறது.

பிறகு உட்கார்ந்து யோசித்தால் சின்ன விஷயம். பிடித்துக்கொள்கிறவர்கள் அதிகமாகிவிட்டால், முதல் நொதியை ஒருவர் பிடித்துக்கொள்கிறார், இரண்டாவதை இன்னொருவர், மூன்றாவதை வேறொருவர். எல்லோரும் பத்திரமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. சேதி அங்கங்கே நின்றுவிடுகிறது.

ஜூலைக் கடைசியில் ஒரு கூட்டத்தில் இதைச் சொல்லும்படி பேராசிரியர் கேட்கிறார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. பயணச்சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன், வேண்டாம் என்றால் ரத்து செய்துகொள்ளலாம்.

அம்மா என்ன சொன்னாள்?

உங்கள் மகள்


ஜூலை 3

அன்பு மகளுக்கு,

நலம். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் ஒரு கட்டி. எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள். தினமும் செய்கிற ஆபரேஷன்தானாம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அநேகமாக முடிந்திருக்கும்.

நீ சொன்னதைக் கேட்டேன். "அவ வேலையக் கெடுத்துக்க வேணாம், அங்கேயே இருக்கட்டும்" என்றாள். நீ சொன்னபடி கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் பேசு. இப்படி வாய்ப்பு எல்லாருக்கும் வராது. இங்கே நான் இருக்கிறேன்.

அப்பா


ஜூலை 19

அப்பாவுக்கு,

கடிதம் இன்றுதான் வந்தது. ஆபரேஷன் முடிந்ததா? கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்களா? இதற்காவது போன் செய்திருக்கலாம் நீங்கள். கடைக்கு இரண்டு தடவை கூப்பிட்டேன், நீங்கள் விடுப்பு என்றார் முதலாளி. வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

வயிற்றைக் கிழிக்கும்போதுகூட அவளுக்கு நான் வேண்டாம் என்றால் சரி. பயணச்சீட்டை ரத்து செய்துவிட்டேன். கூட்டத்தில் பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டுவிட்டேன்.

முடிவு வந்ததும் சொல்லுங்கள்.


ஆகஸ்ட் 6

அன்பு வாயாடிக்கு,

நல்ல சேதி. கட்டி வெறும் கட்டிதான், கெட்டது எதுவும் இல்லை. அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஒரு கை பிடித்தால் கழிவறைவரை நடக்கிறாள். அந்தக் கை என்னுடையது.

ஆஸ்பத்திரியில் என்னை நர்ஸம்மாக்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பார்வை நேரம் முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள். நான் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பெரிய நர்ஸ் வந்து, "ஐயா, செருப்பு தெரியுது" என்றார். பக்கத்துக் கட்டில்காரிக்குத் தையல் பிரிந்துவிடும் அளவுக்குச் சிரிப்பு. உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வலி இருக்கும்.

நீ பேசியது எப்படிப் போனது? கைதட்டினார்களா? ரொம்பப் பெருமையாக இருக்கிறது. அம்மாவுக்கும்தான். அதிகம் பேசுவதில்லை, ஆனால் உன் பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா


செப்டம்பர் 14

அப்பாவுக்கு,

நேற்று அம்மா போன் செய்தாள். அவள் வேலை பார்க்கிற தையற்கூடத்து அலுவலகத்திலிருந்து. அவளாகவே. எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"ஏண்டி, வயித்தக் கிழிச்சுப் போட்டப்பக்கூட வரணும்னு தோணலையா உனக்கு?"

"நீதானம்மா வர வேணாம்னு சொன்ன."

"யாரு, நானா? பயமா இருக்குங்க, அவள வரச் சொல்லுங்கன்னு உங்க அப்பாகிட்ட எத்தன தடவ சொன்னேன்! எழுதிட்டேன், எழுதிட்டேன்னாரே."

பிறகு அவள், "நீ மன்னிப்புக் கேட்டு எழுதினப்பவே எம் மனசு ஆறிப்போச்சுடி, அதுக்கப்புறமும் ஏன் வரல?" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டு எப்போது எழுதினேன் அப்பா? "அதக் கேட்டு நீ அழுதியாமே" என்றேன். "நான் எதுக்குடி அழணும்?" என்றாள்.

ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தோம். நான் சொன்னது எதுவும் அங்கே போகவில்லை, அவள் சொன்னது எதுவும் இங்கே வரவில்லை. "அவ சொன்னா வர்றேன்" என்று நான் சொன்னதும், "வரச் சொல்லுங்க" என்று அவள் சொன்னதும் ஒரே நேரத்தில் உங்கள் கையில்தான் இருந்திருக்கிறது. இரண்டையும் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றிருக்கிறீர்கள். அந்த ஜூன் மாதக் கடிதத்தில் நான் என் சோதனையைப் பற்றித்தான் எழுதினேன் என்று நினைத்தேன்.

பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். நிஜமாக. அவள் அழுதாள். நிஜமாக. நீங்கள் எழுதியது எல்லாம் அப்படியே நடந்தது அப்பா, நீங்கள் இல்லாத இடத்தில்.

இனி அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீங்கள் எனக்கு எழுதக் கூடாது என்று சொல்லவில்லை. நான் பதில் எழுதுவேனா என்று தெரியவில்லை. அவள் தனியாக அந்தக் கட்டிலில் படுத்திருந்ததை நினைத்தால் எனக்கு உங்கள்மேல் வருகிற கோபம் எந்த உறையை ஒட்டுவதற்குள்ளும் ஆறாது.


அக்டோபர் 2

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று அம்மா சொன்னாள்.

நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எழுத உட்கார்ந்தேன். அது உனக்கும் தெரியும், அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றும் தெரியும். நீங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரியில் வைத்துச் சண்டை போட்டால் அவள் தையல் தாங்காது என்று பயந்தேன். உன் வேலை கெடும் என்று பயந்தேன். இரண்டும் பொய்யில்லை. ஆனால் பெரிய பயம் வேறு. நீ வந்துவிட்டால், "மன்னிப்புக் கேட்டியே", "அழுதியாமே" என்று பேச்சு வரும். நான் இத்தனை மாதம் கட்டிவைத்தது ஒரே ராத்திரியில் சரியும். இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பீர்கள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் உன்னைத் தடுத்தேன்.

ஒன்று உனக்குத் தெரியாது. இதை நான் மறைத்தால் மறுபடி அதே ஆள்தான். ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அம்மா கதவையே பார்த்துக்கொண்டு போனாள். நர்ஸம்மா, "யாரையாவது எதிர்பாக்குறீங்களா?" என்றார். "பொண்ணு வருது. ஃப்ளைட்டு லேட்டா இருக்கும்" என்றாள். நான் பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தேன்.

பதில் எழுதாவிட்டால் பரவாயில்லை. குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொள்.

அப்பா


டிசம்பர் 11

அன்பு மகளுக்கு,

இங்கே நலம். நீயும் நலம்தான், ஞாயிற்றுக்கிழமைதோறும் அம்மா உன்னோடு போனில் பேசுவது கதவுக்கு இந்தப் பக்கமே கேட்கிறதே. உன் கட்டுரை அச்சில் வரப்போகிறதாம். அம்மா மறுபடி இயந்திரத்தில் உட்கார ஆரம்பித்துவிட்டாள், குனியாமல் தைக்க உயரமான முக்காலி வாங்கியிருக்கிறோம். அடுத்த மாதம் நீ வருகிறாய் என்பதும் அவள் சொல்லித்தான் தெரியும். எந்த விமானம், எப்போது என்று நான் கேட்கவில்லை. அழைத்துவர அவளே போகிறாளாம்.

கடையில் "டாக்டர்" போய் இப்போது பழையபடி பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஈஸ்டு எப்படி இருக்கிறது என்று முதலாளி ஒரு நாள் கேட்டார். "குணமாயிடுச்சுங்க" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னோடு பேசிக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் சிரிப்பு. என்னிடம் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், விட்டுவிட்டேன். நான் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறையில் இருந்தேன். படித்தேன் என்று சொல்ல முடியாது. கடைசியில் நீ என்ன பேசினாயோ, அவள், "சரிடி, வெச்சிடவா? ம்... ம்... சரி" என்று வைத்துவிட்டாள்.

எழுந்து சமையலறைக்குப் போனவள் பாதியில் நின்றாள். என் பக்கம் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்பை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

"உங்கள விசாரிச்சா. முழங்கால் எப்படி இருக்குன்னு கேட்டா."

"அப்படியா" என்றேன். "பரவாயில்லன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றாள்.

நான் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்து அவள் பேசியதை முழுவதும் கேட்டவன் என்பது அவளுக்குத் தெரியும். முழங்கால் என்றோ, அதற்குப் பதில் என்றோ அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையும் வரவில்லை. உன் மேல் எனக்குக் குறையில்லை, உன் இடத்தில் நான் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். இதை எழுதக் காரணம், அவளிடம் சொல்ல வந்து சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதை உனக்காவது எழுதிவிடுகிறேன்.

"அவ கேக்கலன்னு எனக்குத் தெரியும்மா. அடுத்த வாரமும் கேட்டான்னே சொல்லு."